வாடை நாள் விரால்

பேச்சித்தாய்க்கு லீவு கிடைப்பதும் கண்மாயில் விரால் வாயை மூடிக்கொள்வதும் எப்போதும் ஒரே நாளில்தான் நடந்தது. மழை இறங்கி, வாடை வீசி, வெயில் இல்லாமல் போனால் தீப்பெட்டி ஆபீசில் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் காயாது. குச்சி காயாவிட்டால் பெட்டியில் அடைக்க ஆள் வேண்டாம். அன்றைக்கு ஊருக்கு வேன் வராது. அவளை வீட்டில் விடுகிற அதே குளிர்தான் விராலைச் சேற்றோரம் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, எதிரே தவளையே நீந்தினாலும் ஏறிட்டுப் பார்க்காதபடி செய்யும்.

ஊரில் தூண்டில் போடத் தெரிந்தவர்கள் எல்லாரும் வெயிலுக்குப் போனார்கள். அவள் மட்டும் வாடைக்குப் போனாள். வேறு நாள் அவளுக்கு இல்லை.

இடைசெவலுக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற சின்ன ஊர் அவளுடையது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீசுக்குப் பத்து வயதில் அவளை அனுப்பினார்கள். விடியுமுன்னே வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து இறக்கும். தரையில் உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்குவது வேலை. பள்ளிக்கூடம் என்பது வேன் போகிற வழியில் இருந்த ஒரு மஞ்சள் கட்டடம், அவ்வளவுதான். எழுத்துகளைக்கூட அவள் தீப்பெட்டி லேபிளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒன்று மட்டும் அந்த வேலை கொடுத்தது. ஒரு பிடி குச்சியை அள்ளினால் பெட்டிக்குச் சரியா, இரண்டு குறைகிறதா என்று விரலே சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. ஆனால் அது அவளுடைய நாள் இல்லை. துணி துவைக்கணும், தண்ணீர் எடுக்கணும், ரேஷனுக்கு நிற்கணும், ஆட்டுக்குக் குழை பறிக்கணும். முந்தின நாளே அதில் எல்லாருடைய வேலையும் ஏறியிருக்கும். மழை நாள் அப்படி இல்லை. வேன் வராது என்பது விடிந்துதான் தெரியும். அதனால் அந்த நாளுக்கென்று யாரும் அவளுக்கு வேலை எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

பதினோரு வயதில், அப்படி ஒரு மழை நாளில், ஒரு சேப்டி பின்னை வளைத்து, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலைக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். கரையில் வேறு யாருமே இல்லை. குளிரில் விரால் கடிக்காது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. சொல்ல அங்கே ஆளும் இல்லை.

அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஒன்றும் மாட்டவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரால் மற்ற மீனைப் போல இல்லை, மூச்சு வாங்க மேலே வந்தே ஆகவேண்டும். வெயில் நாளில் கண்மாய் முழுக்க அங்கங்கே சளப் சளப்பென்று வந்து போகும் என்று பையன்கள் பேசிக்கொள்வார்கள். வாடையில் அப்படி வராது. மணிக்கணக்கில் தண்ணீர் தகரம் மாதிரி கிடக்கும். பிறகு எங்கோ ஓரிடத்தில் ஒரு சின்ன வாய், சத்தமில்லாமல், குழந்தை கொட்டாவி விட்ட மாதிரி திறந்து மூடும். அவ்வளவுதான். எங்கே திறந்ததோ அதற்கு நேர் கீழேதான் அது திரும்பவும் படுக்கும், குளிரில் அதற்கு ஊர் சுற்றத் தெம்பில்லை. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று மழைக்காலம் ஆனது. பதினான்காவது வயதில் முதல் விராலைப் பிடித்தாள். வீட்டில் நம்பவில்லை. யாரோ கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு குழம்பு வைத்தார்கள்.

உள்ளூரிலேயே சங்கிலிப்பாண்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், சாது. தன் பெண்டாட்டி கண்மாய்க்கரையில் கம்போடு நிற்பதை டீக்கடையில் யாராவது சொல்லிச் சிரித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். வந்து அவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். மகன் சதீஷ்குமார் படித்து ஓசூரில் வேலைக்குப் போனான். பேச்சித்தாய் ஆபீசில் சட்டம் அடுக்குவதிலிருந்து பெட்டி அடைக்கிற வேலைக்கு மாறினாள். வருஷங்கள் இப்படிப் போயின. நாற்பத்தாறு வயதானது. மழை வந்தால் கண்மாய். அது மட்டும் மாறவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கண்ணபிரான் என்பவர் கண்மாயை மீன் குத்தகைக்கு எடுத்தார். விளாத்திகுளம் பக்கத்து ஆள், இன்னும் நாலைந்து ஊர்க் கண்மாய்களையும் எடுத்திருந்தார். கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். கரையோரம் தகரக்கொட்டகை போட்டு வலைகளை வைத்தார். சங்கிலிப்பாண்டிக்குச் சித்தப்பா மகனான இசக்கிதுரையைக் காவலுக்குப் போட்டார். தூண்டில் போடக்கூடாது என்று ஒரு தகரத்தில் எழுதி, மடைக்குப் பக்கத்தில் நின்ற வேலிக்கருவையில் கட்டினார். விராலைப் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கட்லாவைப் பிடித்துவிடுவார்கள் என்பது அவர் நினைப்பு.

ஊர் ஆம்பளைகள் நாலு நாள் முணுமுணுத்தார்கள். கண்ணபிரான் அம்மன் கோவில் கொடைவிழாப் பந்தல் செலவை ஏற்றுக்கொண்டார். முணுமுணுப்பு நின்றது. கம்புகள் கூரையில் ஏறின.

பேச்சித்தாய் நிறுத்தவில்லை. நிறுத்தவேண்டிய அவசியமும் வரவில்லை, மழை நாளில் இசக்கிதுரை கொட்டகையை விட்டு வெளியே வருவதே இல்லை. தகரத்தில் இருந்ததை அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்து முள்ளில் புழு கோத்தாள்.

போன மாசிக் கடைசியில்தான் அது சண்டைக்கு வந்தது.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப் போட்டிருந்தார்கள். பருத்தி வெடித்து நின்றது. கடலில் ஏதோ தாழ்வு என்று ரேடியோவில் சொன்ன அன்று சாயங்காலம் வானம் மூடியது. ஆபீஸ் விட்டு வரும்போது பேச்சித்தாய் கோவில்பட்டியில் வேனை நிறுத்தச் சொல்லி, அப்துல் சுபஹான் கடையில் இறங்கினாள். கயிறு, சாக்கு, வலைநூல், தூண்டில் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும்.

"பாய், சின்ன முள்ளாப் பாத்து ஆறு குடுங்க."

"விராலுக்கா? விராலுக்குப் பெரிய முள்ளுல்லா கேப்பாங்க."

"வெயில்ல கேப்பாங்க. குளுர்ல அது வாயத் திறக்கதே சோத்துப் பருக்கை அளவுக்குத்தான்."

சுபஹான் பாய் டப்பாவைத் திறந்தபடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "மாசி முடியப்போவுது. இனி எங்கம்மா குளுரு?"

"நாளைக்கு வரும்."

வந்தது. விடியும்போது தூறல் விழுந்துகொண்டிருந்தது. வடக்கேயிருந்து அடித்த காற்று ஆட்டுக்குட்டிகளைச் சுவரோரம் ஒண்ட வைத்தது. வேன் வரவில்லை. சங்கிலிப்பாண்டி ஊர்க்காரர்கள் மிளகாயை மூடத் தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு களத்துக்கும் ஊருக்குமாக ஆட்டோவை விரட்டிக்கொண்டிருந்தார். பேச்சித்தாய் மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நனைந்த கரிசல் ஒவ்வொரு எட்டுக்கும் காலோடு சேர்ந்து வந்தது. கரையில் ஏறுமுன் இரண்டு தடவை நின்று குச்சியால் வழித்துப் போட்டாள்.

மடைக்கு உள்பக்கம் ஒரு ஆழமான குழி உண்டு. மடை திறக்கிற காலமெல்லாம் தண்ணீர் சுழித்துச் சுழித்துப் பறித்த குழி. மேல்தண்ணீர் குளிர்ந்தாலும் அடியில் சூடு கொஞ்சம் தங்கும். அங்கேதான் பார்வையை வைத்தாள். அவள் தக்கை கட்டுவதில்லை. குளிர் விரால் தக்கையை இழுக்காது. தங்கூசி என்கிற நைலான் நரம்பைக் கம்பு வழியாகக் கொண்டுவந்து ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொள்வாள். விரல் சொல்லணும்.

காலையிலிருந்து பொழுது இறங்கும் வரைக்கும் இரண்டே தடவை வாய் திறந்தது. இரண்டு தடவையும் புழுவை அந்த இடத்துக்கு நேரே இறக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு இசக்கிதுரை வந்தான். வழக்கமாக வராதவன் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"மதினி, இந்தக் காத்துல எந்த மீனு கடிக்கும்? வீட்டுக்குப் போங்க."

"கடிக்கலன்னா உனக்கு என்னலே நட்டம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. குத்தகை அண்ணாச்சி நாளைக்கு வாராரு, வலை நனஞ்சிருக்கான்னு பாக்க. அவிய கண்ணுல படவேண்டாம். எம் பொழப்புல மண்ணப் போட்டுராதீங்க."

"அவிய வந்தா நான் பேசிக்கிடுதேன். நீ பாக்கலன்னு சொல்லு."

"இந்தாப் பாத்துட்டேனே."

"அப்ப பாத்தேன்னு சொல்லு" என்றாள் பேச்சித்தாய்.

இரண்டாம் நாள் காற்று இன்னும் கூடியது. காலையில் மூன்று இடத்தில் வாய் திறந்தது, மூன்றும் குழியைச் சுற்றித்தான். மூன்றாவது தடவை, புழு இறங்கி வெகுநேரம் கழித்து, விரலில் ஏதோ தட்டியது. தட்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு பிடி குச்சியில் ஒன்று குறைந்தால் எப்படித் தெரியுமோ அப்படி. எடை மாறியது. சுண்டினாள். ஒரு கணம் பாறையில் மாட்டியது போலக் கனத்தது. பிறகு விட்டுவிட்டது. முள்ளில் பாதிப் புழு மிச்சமிருந்தது.

அந்தப் பாதிப் புழுவைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கண்ணபிரான் வெள்ளை வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரிசலில் வழுக்கி வழுக்கி வந்தார்.

"போர்டு எழுதிருக்குல்லா. கண்ணு தெரியலையா?"

"தெரியுது அண்ணாச்சி. வாசிச்சேன்."

"வாசிச்சுமா போடுத?"

"எழுதுனது நீங்க. கண்மா உங்களுது இல்லல்லா. நான் விராலுக்குத்தான் போடுதேன். உங்க கட்லாவுக்கு இல்ல."

"கண்மாய்க்குள்ள கெடக்கது எல்லாம் குத்தகைக்காரனுக்கு. தவளை உள்பட" என்றார் கண்ணபிரான். "உம் புருசனக் கூப்புடு. அவன்ட்ட பேசுதேன்."

"தூண்டில் போட்டது நான். எங்கிட்ட பேசுங்க."

அவர் கம்பை அவள் கையிலிருந்து வாங்கினார். பிடுங்கினார் என்று சொல்ல முடியாது, பிடுங்குகிற அளவுக்கு அவளை அவர் ஒரு ஆளாக எண்ணவில்லை. முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். மூங்கில் சட்டென்று ஒடியாமல் நார் நாராகப் பிளந்து தொங்கியது. அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. முறுக்கிப் பிய்த்துக் கரையில் போட்டார். இசக்கிதுரை கொட்டகை வாசலில் நின்று வேறு பக்கம் பார்த்தான்.

பேச்சித்தாய் குனிந்தாள். ஒடிந்த நுனியிலிருந்து நரம்பை அவிழ்த்தாள். குளிரில் விரல் மரத்துப்போயிருந்ததால் முடிச்சு லேசில் வரவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அவசரப்படவில்லை. நரம்பை விரல்களில் சுற்றி, முள்ளை அதில் குத்தி, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவேன் அண்ணாச்சி" என்றாள்.

அவள் வீட்டுக்கு வருமுன்னே சங்கிலிப்பாண்டிக்கு விஷயம் வந்திருந்தது. முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"விட்டுருட்டி. அவன்ட்ட ஆளு இருக்கு, காரு இருக்கு. நாளைக்கு ஆட்டோவ மறிச்சான்னா என்ன செய்ய?"

"மறிச்சா இறங்கிக் கேளுங்க."

"ஒரு மீனுக்கு இம்புட்டா?"

அவள் ஈரச்சேலையைப் பிழிந்தபடி நின்றாள். "பத்து வயசுல வேன்ல ஏத்துனாங்க. யாரும் எங்கிட்ட கேக்கல. முப்பத்தாறு வருசமா அந்த வேன் வராத நாளு மட்டுந்தான் எனக்கு. அதுலயும் ஒருத்தன் வந்து நிக்காதன்னா நான் எங்கன போய் நிக்க?"

அவள் கூரையில் செருகியிருந்த துரட்டிக்கம்பை இறக்கினாள். ஆட்டுக்குக் குழை பறிக்கிற கம்பு. நுனியில் கட்டியிருந்த அரிவாளை அவிழ்க்கத் தொடங்கினாள். கயிறு இறுகிக்கிடந்தது. கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு சங்கிலிப்பாண்டியே வந்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தூறல் நின்றது. காற்று நிற்கவில்லை. வேன் வரவில்லை. துரட்டிக்கம்பு கனமானது, வளையாதது. மீன் இழுத்தால் கொடுத்து வாங்காது, நரம்பு அறுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நேற்று நின்ற இடத்திலேயே போய் நின்றாள். ஒடிந்த மூங்கில் அங்கேயே கிடந்தது. காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

உச்சிப்பொழுதில் மேகம் கொஞ்சம் விலகி, வெயில் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. குழிக்கு மேலே, கரையில் பதித்த கல்வரிசையிலிருந்து இரண்டு கம்பு தூரத்தில், கறுத்த பெரிய தலை ஒன்று மேலே வந்தது. இந்த மூன்று நாளில் பார்த்ததில் அதுதான் பெரிது. வாய் திறந்தது, மூடியது, அப்படியே அமிழ்ந்தது. வளையம்கூட விழவில்லை.

அவள் உடனே போடவில்லை. அது கீழே போய்ப் படுக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு எழுந்து, ஒரே ஒரு புழுவைச் சின்ன முள்ளில் கோத்து, அந்த இடத்துக்கு அப்பால் போட்டு, நரம்பில் கட்டிய ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் ஒரு விரல்கடை, ஒரு விரல்கடையாக இழுத்து நிறுத்தினாள். நிறுத்தி, நின்றாள். காற்று நரம்பை அதிர வைத்தது. காற்றின் அதிர்வைத் தனியே ஒதுக்கிவிட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று விரல் தேடியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

கொட்டகையிலிருந்து இசக்கிதுரை இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனான். மூன்றாம் தடவை வந்தவன் போகவில்லை.

எடை மாறியது. இந்த முறை அவள் சுண்டவில்லை. நேற்று சுண்டித்தான் போயிற்று. நரம்பை ஒரு விரல்கடை விட்டுக் கொடுத்தாள். அது அதை எடுத்துக்கொண்டது. இன்னும் ஒரு விரல்கடை கொடுத்தாள். அதுவும் போயிற்று. மூன்றாவது முறை, கொடுக்காமல், மெதுவாக, கதவைச் சாத்துகிற மாதிரி இழுத்தாள்.

முதலில் அது ஊறிப்போன கட்டை மாதிரி வந்தது. குளிரில் விறைத்திருந்தது. பாதித் தூரம் வந்தபிறகுதான் அதற்குத் தன்னை யாரோ கொண்டுபோகிறார்கள் என்று உறைத்தது போல. ஒரே புரளல். வளையாத கம்பு அவள் தோள்பட்டையைப் பிடுங்கியது. இன்னொரு புரளலுக்கு நரம்பு தாங்காது. கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நரம்பைக் கையாலேயே பிடித்தாள். அது ஓடினால் விட்டாள், நின்றால் வாங்கினாள். இடுப்பளவு தண்ணீர், எலும்பு வரைக்கும் குளிர்ந்தது.

"மதினி, வழுக்கும், குழி இருக்கு" என்று கத்திக்கொண்டே இசக்கிதுரை ஓடி வந்தான். வந்தவன் கரையிலேயே நின்றுவிட்டான். எந்தப் பக்கம் நிற்பது என்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

கல்வரிசைக்கு இழுத்து வந்து, செவுளுக்குள் விரலைவிட்டுத் தூக்கினாள். ஒரு முழத்துக்கு மேலே நாலு விரல் இருக்கும். முதுகு கரிசல் மண்ணின் நிறம், வயிறு வெளுப்பு. அதன் வாயிலிருந்த முள் உதட்டோரத்தில் மெல்லிசாக, ஒரு ஊசிக்குத்து அளவுக்குத்தான் பிடித்திருந்தது. பெரிய முள்ளாக இருந்தால் இது தொட்டே இருக்காது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதால் அந்தச் சிரிப்பு சரியாக வெளியே வரவில்லை.

ஊருக்குள் போக வாய்க்கால் வழியாக ஒரு குறுக்குப்பாதை உண்டு. அவள் அதில் போகவில்லை. கண்ணபிரானின் கார் கொட்டகைப் பக்கம் திரும்புவது தெரிந்தது. கம்பைத் தோளில் வைத்து, மீனை நரம்போடு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, நேரே கொட்டகை வழியாகப் போனாள்.

கண்ணபிரான் இறங்கி நின்று மீனைப் பார்த்தார். அதை எடை போடுகிற மாதிரி பார்த்தார்.

"எங்கன பிடிச்ச?"

"நேத்து நீங்க கம்ப ஒடிச்ச இடத்துல."

"இந்த வாடைல வலைக்கே ஒண்ணும் வராது."

"வலைக்கு வராதுதான்."

"கீழ வை. அது என் மீனு."

"நீங்க விட்ட குஞ்சுல விரால் உண்டா அண்ணாச்சி? உங்க மீனத் தின்ன மீனு இது. நீங்க எனக்குச் சோறுல்லா போடணும்."

இசக்கிதுரை சிரித்துவிட்டான். சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணபிரானின் முகம் மாறியது. போலீசில் எழுதிக் கொடுப்பேன் என்றார்.

"குடுங்க. பேரு பேச்சித்தாய். எங்க வீட்டுக்காரர் பேரு சங்கிலிப்பாண்டி. வீடு தெரியலன்னா இசக்கி காட்டுவான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடையை எட்டிப் போட்டாள். குளிர் பாதி, பயம் பாதி. திரும்பிப் பார்க்கவில்லை.

போலீஸ் வரவில்லை. மறுநாள் வெயில் வந்தது, வேன் வந்தது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. பங்குனி எட்டாம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் கிராமசபைக் கூட்டம். துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். அதுவரைக்கும் அவள் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. சமுதாயக்கூடத்தில் பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கண்ணபிரானுக்கு நாற்காலி போட்டிருந்தது. மேலிடத்திலிருந்து வந்த ஒரு இளம் அதிகாரியும் பஞ்சாயத்துச் செயலரும் மேசையில் இருந்தார்கள்.

பேச்சித்தாய் எழுந்து நின்றாள். "கண்மா குத்தகைப் பேப்பர வாசிக்கணும்."

"அதெல்லாம் ஆபீஸ் ரிக்கார்டும்மா. இன்னைக்கு அதுக்கு இல்ல. உக்காருங்க" என்றார் செயலர்.

"வாசிங்க. உக்காருதேன்."

செயலர் அடுத்த விஷயத்துக்குப் போனார். குடிதண்ணீர்க் குழாய். அவள் நின்றாள். தெருவிளக்கு. நின்றாள். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். பேச்சித்தாய் சேலையை விடுவித்துக்கொண்டு நின்றாள். சுவரோரத்து ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் அந்தக் கண்மாயில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள். கழிப்பறைக் கட்டடம் பற்றிப் பேச்சு வந்தபோது அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "அந்தம்மா ஏன் நிக்கிறாங்க?" என்றார்.

"அதையே வாசிக்கச் சொல்றாங்க சார்."

"வாசிச்சிருங்களேன். எவ்வளவு பக்கம் இருக்கப்போவுது."

இரண்டு பக்கம்தான் இருந்தது. பீரோவிலிருந்து எடுத்துவந்து செயலர் வேகவேகமாக வாசித்தார். வலை போட்டு மீன் பிடித்துக்கொள்ளும் உரிமை குத்தகைதாரருக்கு. மருந்து கலக்கக் கூடாது. மடையில் கை வைக்கக் கூடாது. ஆறாவதாக ஒரு வரி. ஊர் மக்கள் குளிப்பதையும், கால்நடைகள் தண்ணீர் குடிப்பதையும், வீட்டு உபயோகத்துக்குத் தூண்டிலில் மீன் பிடிப்பதையும் குத்தகைதாரர் தடுக்கக் கூடாது. அந்த இடத்தில் செயலரின் வேகம் தானாகக் குறைந்தது.

"அந்த வரிய இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள் பேச்சித்தாய்.

வாசித்தார். கண்ணபிரான் கையெழுத்து அதன் கீழே இருந்தது. அவர் எழுந்து, ஊர்க்காரர்கள் மேல் தனக்கு எந்த விரோதமும் இல்லை, கட்லாவைத் தொடாமல் இருந்தால் போதும் என்று சொன்னார். அதிகாரி அதைத் தீர்மானமாக எழுதச் சொன்னார்.

"ஒடிச்ச கம்பு?" என்றாள் அவள்.

யாருக்கும் புரியவில்லை. கண்ணபிரானுக்குப் புரிந்தது. "வாங்கித் தாரேன்" என்றார், அவளைப் பார்க்காமல்.

"வேண்டாம். ஒடிச்சேன்னு இதுல எழுதுங்க. அது போதும்."

அப்படி எழுத முடியாது என்று அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. வேன் கண்மாய்க்கரையை ஒட்டிப் போனபோது பேச்சித்தாய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நல்ல வெயில். கரை நெடுக ஆண்கள். ஏழு பேரோ எட்டுப் பேரோ, கம்போடு நின்றார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கூட நின்றது. தண்ணீரில் அங்கங்கே சளப்பென்று விரால் வந்து போனது. ஒருவன் ஒன்றைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சபையில் தரையைப் பார்த்தவர்களில் அவனும் ஒருவன். வேன் திரும்பும் வரைக்கும் அவள் கரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அது பொறாமை என்று அவளே தெரிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் கணக்குப்பிள்ளை அமுதவள்ளியிடம் போய் நின்றாள். "நாளைக்கு நான் வரல."

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"வீட்டுல விசேசமா?"

"இல்ல. வெயில் அடிக்கும். அதான் வரல."

அமுதவள்ளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் புது மூங்கில் கம்போடு கரையில் ஏறினாள். ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கண்மாய் அவள் பார்த்தே இராத கண்மாயாக இருந்தது. தண்ணீர் கண்ணைக் கூச வைத்தது. விரால் இங்கே வாய் திறந்தால் அங்கே போய்ப் படுத்தது, ஓரிடத்தில் நிற்கவில்லை. அவள் புழுவை இறக்கிக் காத்திருக்கும்போது பக்கத்திலிருந்தவர்கள் தவளையைத் தண்ணீர் மேலேயே துள்ளவிட்டு, பெரிய முள்ளால், படார் படாரென்று பிடித்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் மாட்டவில்லை.

இசக்கிதுரை ஒரு ஓலைப்பெட்டியில் நாலு தவளையைக் கொண்டுவந்து வைத்தான். "மதினி, வெயிலுக்கு இப்பிடி இல்ல. தவளையக் கோத்து மேலால ஓட்டணும். நான் காட்டட்டா?"

"வச்சிட்டுப் போ. காட்ட வேண்டாம். நானே பாத்துக்கிடுதேன்."

"நேரம் ஆவும் மதினி."

"ஆவட்டும்" என்றாள் பேச்சித்தாய். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஓலைப்பெட்டிக்குள் கையை விட்டாள்.